ஃபிட் என்று எழுதப்பட்ட கை

கண்ணை மூடிக்கொண்டு, கேழ்வரகு நிரப்பிய தட்டுக்குள் கையை விட்டு அவர் எடுத்தது ஒரு சாவி. "பட்டன்" என்றார். அடுத்து எடுத்தது சோடா பாட்டில் மூடி. விரல்களுக்கிடையே அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் பட்டன்தான் மேடம்" என்றார். பக்கத்து ஸ்டூலில் இருந்த அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அழுகையை அடக்குகிறார் என்று.

எண்பதுகளின் கடைசி அது. அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அடிபட்டவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் சோறு பிசைய, சட்டை மாட்ட, பஸ் கம்பியைப் பிடிக்க, பிழைப்புக்குத் திரும்பப் பழக்குவது எங்கள் தொழில். அதற்கு அங்கே கொடுத்திருந்தது மருந்துக் கிடங்குக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மரக்கட்டைகளும் களிமண்ணும் துளைப்பலகையும் இருந்ததால் தலைமை சர்ஜன் அதற்கு வைத்த பெயர் 'பொம்மை ரூம்'. விருந்தாளிகளை அழைத்து வந்து அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார். கூடவே நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். இன்றைக்கு நினைத்தாலும் என் பல் கடிபடுகிறது.

அந்தக் கணவர் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பவர் பிரஸ் ஓட்டியவர். தகட்டை அழுத்தி வெட்டும் அந்த மெஷின் அவருடைய வலது உள்ளங்கையை நசுக்கியிருந்தது. சர்ஜனைக் குறை சொல்ல மாட்டேன், பிரமாதமாகத் தைத்திருந்தார். கை மூடியது, திறந்தது, வாளி தூக்கியது. உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. வீடு சென்னீர்குப்பத்தில். ஒவ்வொரு முறையும் மனைவிதான் பஸ்ஸில் கூட வருவார். என்னைவிடச் சில வயது மூத்தவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. அன்று கணவரை வெளியே அனுப்பிவிட்டு அக்கா சொன்னார்: "முந்தாநேத்து தோசக்கல்லு மேல கைய வெச்சிகினு பேசிகினே கீறாரு மேடம். தீஞ்ச வாசன வந்து நான்தான் இஸ்த்தேன். அவருக்குத் தெர்ல."

கையை மட்டும் பார்த்தால் போதாது, அது திரும்பப் போகும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். கணவரோடு அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன். பிரஸ்ஸுக்குள் கை போகாமல் தடுக்கும் இரும்பு வலையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன்மேல் யாரோ துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். ஏன் என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். "அத மாட்டினா வேல ஸ்லோ ஆவுது மேடம்" என்றார், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல.

இந்தக் கை பிரஸ்ஸுக்குப் போகக் கூடாது, ஸ்டோரில் பொருள் எடுத்துக் கொடுக்கும் வேலை செய்யலாம், வலையைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சர்ஜன் தன் அறைக்குக் கூப்பிட்டு விட்டார்.

"கை மூடுது, தொறக்குது. வேற என்னம்மா வேணும்?"

"உணர்ச்சி இல்ல சார். மெஷினுக்குள்ள விரல் இருக்கறதே அவருக்குத் தெரியாது."

"கம்பெனிக்காரன் கேக்கறது ஃபிட்டா, அன்ஃபிட்டா, அவ்ளோதான். நம்மகிட்ட கேஸ் அனுப்பறவனுக்கே நீங்க மெஷின் பாடம் எடுக்கறீங்களா? பொம்மை ரூம் வேலைய மட்டும் பாருங்க."

என் எதிரிலேயே ஃபிட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதைவிட வலித்தது அந்தக் கணவர் சொன்னது. "இன்னா மேடம் நீ? உன்னால என் வேலையே பூடும்போல கீது. ஸ்டோர்ல ஆளு வேணான்னு அனுப்பிட்டா என் புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவ?" அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. பிரஸ் அல்லது பட்டினி என்று இரண்டை மட்டும் அவர் முன்னால் வைத்தவர்கள், அதற்குப் பெயர் மருத்துவச் சான்று என்றார்கள்.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று அக்கா தொழிற்சாலை வாசலில் போய் நின்றுகொண்டார். செய்தி கேட்டு டூட்டி முடிந்ததும் ஓடினேன். ஷிஃப்ட் மாறும் நேரம். காவலாளி விரட்டிக்கொண்டிருந்தார். கணவர் உள்ளேயிருந்து வந்து, "மானத்த வாங்காத, ஊட்டுக்குப் போ" என்று பல்லைக் கடித்தார். அக்கா அசையவில்லை. வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னார்: "இவரு கைக்குச் சூடும் தெர்ல, வலியும் தெர்ல. மெஷின்ல போட்டா மிச்சமும் பூடும். ஆண்டவரு ஒருதபா காப்பாத்திக் குட்த்தாரு. ரெண்டாந்தபாவும் அவுருக்கே வேல வெக்கிறதா?"

நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு பிரஸ் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஒருவர் பிரஸ்ஸில் பாதி துண்டான தன் விரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே போகாமல் தயங்கியதும் மேனேஜர் வெளியே வந்தார். தொல்லை விட்டால் போதும் என்று அந்தக் கணவரை ஸ்டோருக்கு மாற்றினார். நன்றாக வேலை செய்தார். இடது கையால் எடுத்து, கண்ணால் பார்த்து, பிறகு வலது கைக்கு மாற்றும் பழக்கத்தை என் அறையில்தான் கற்றார்.

இங்கேயே முடிந்திருந்தால் சந்தோஷமாக எழுதியிருப்பேன். சில மாதம் கழித்து, சர்ஜன் தைத்து முடித்த ஒரு கையோடு வேறொருவர் பொம்மை ரூமுக்கு வந்தார். சுண்டு விரலும் கட்டை விரலும் மட்டும் இருந்தன. எந்த மெஷின் என்று கேட்டேன். அதே தொழிற்சாலை, அதே பிரஸ். வலை அதே சுவரில் சாய்ந்திருந்ததாம். இவருக்காக வாசலில் வந்து நிற்க ஊரில் யாரும் இல்லை. ஆவடிப் பக்கம் ஒரு ஷெட்டில் தனியாகத் தங்கியிருந்தார்.

விஷயம் அக்காவுக்கு எட்டிவிட்டது. டிபன் பாக்ஸில் சோறு கட்டிக்கொண்டு வந்தார். பிசைந்த சோற்றை அந்த மனிதர் இடது கையால் தடுமாறி அள்ளுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வராந்தாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் ஊட்டுக்காரர மட்டும் இஸ்த்துகினு வந்துட்டேனே மேடம். அந்த மெஷின அப்டியே உட்டுட்டு வந்துட்டேனே."

எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. எஸ்டேட்டில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். ஆக்குபேஷனல் தெரபி என்றால் பலருக்குத் தெரிகிறது. அறைக்கு ஜன்னலும் கொடுக்கிறார்கள். ஆனால் ஃபிட்டா, அன்ஃபிட்டா என்று மட்டும் கேட்கும் தாள்கள் இன்னும் வருகின்றன. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் கொதிக்கிறது. வலையைக் கழற்றியவன் வருந்தவில்லை, மேனேஜர் வருந்தவில்லை, கையெழுத்துப் போட்டவர் வருந்தவில்லை. எதிலும் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்தான், தன் தப்பு என்று சொல்லி அந்த வராந்தாவில் அழுதார்.