மனகோலத்துக்குள் ஒரு கொத்து வேப்பிலை

நம்மூரில் வெளியூர் போய் வந்தவரிடம் தின்ன என்ன இருக்கிறது என்று கேட்பது வீட்டுப் பிள்ளைகள். இங்கே ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் அரசாங்கமே கேட்கிறது. விமானம் விட்டு இறங்கியதும் நாய் வந்து பெட்டியை மோந்து பார்க்கிறது. அப்புறம் ஓர் அதிகாரி, உணவு உண்டா, விதை உண்டா, இலை தழை உண்டா என்று விசாரிக்கிறார். எத்தனை முறை வந்தாலும் எனக்கு இது பழகவில்லை.

போன மாதம் ஊருக்குத் தனியாகத்தான் போனேன். மனைவி வள்ளி பிள்ளைத்தாய்ச்சி. விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோற்றைக் கண்டாலே குமட்டுகிற அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அவள் அம்மா செய்த மனகோலம். பாசிப்பருப்பு மாவைப் பிழிந்து பொரித்து, ஒடித்து, வெல்லப்பாகில் புரட்டிய பலகாரம். இங்கே இந்தியக் கடையில் கிடைத்ததை வாங்கிக் கொடுத்தேன். மோந்து பார்த்து அப்படியே வைத்துவிட்டாள்.

நெற்குப்பையில் மாமியார் வீட்டில் அத்தை ஒரு டின் நிறையக் கொடுத்தார். மூடுமுன் ஒரு கொத்து வேப்பிலையை உள்ளே செருகினார். எண்ணெய்ப் பலகாரம் வெறுமனே ஊர் எல்லை தாண்டினால் காத்துக் கருப்பு பின்னாலேயே வந்துவிடுமே! பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான், அதை இலை தழை என்று எவன் கணக்கில் வைப்பான்? பெர்த்தில் இந்த முறை ஓர் அதிகாரியம்மா கேட்டதும், பலகாரம் உண்டு, இலை கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

டின்னைத் திறந்தார். வேப்பிலை வாடி நொறுங்கி, பாகோடு பாகாக எங்கும் ஒட்டிக் கிடந்தது. மசாலாவா என்று கேட்டார். கெட்டது எதுவும் அண்டாமல் இருக்க என்றேன். பலகாரத்தில் பூச்சி இருக்கிறது போல என்று அவர் உடனே கையுறை மாட்டிக்கொண்டார். பேயைப் பற்றி விளக்க என் இங்கிலீஷ் போதவில்லை. இலையைப் பொறுக்கித் தந்துவிடுகிறேன், மனைவி மாசமாக இருக்கிறாள் என்று கெஞ்சினேன். பொரித்த பலகாரம் மட்டும் என்றால் விட்டிருப்பாராம். அபராதம் போடாமல் அனுப்பினாரே, அதுவரைக்கும் நல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும். டின் குப்பைக்குப் போனது.

வள்ளி வாசலுக்கே வந்து பையைத்தான் முதலில் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை, போய் உட்கார்ந்து அழுதாள். அந்த நேரம் பார்த்து அத்தை போன் செய்தார்.

“சாப்ட்டியாத்தா? பாகு முறுகிப் போச்சோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்.”

நான் சொல்ல வாயெடுத்தேன். வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைக் காட்டி என்னை அடக்கினாள். மேசையில் கிடந்த இந்த ஊர் உருளைக்கிழங்கு வறுவலில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, போனுக்குப் பக்கத்தில் நறநறவென்று கடித்தாள்.

“கேக்குது, கேக்குது,” என்றார் அத்தை, குரலெல்லாம் சிரிப்பாக. “பதமாத்தான் இருக்கு. மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் குடு.”

வள்ளி பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள். நானும் சத்தமாகக் கடித்தேன்.