மிஸ் வெட்டி எடுத்த பக்கம்

பொது நூலகத்தில் வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே இருந்து சம்பளம் வாங்குவது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. மின்விசிறி இருப்பது உண்மைதான். அது சுற்றும் நாட்களில் அதற்குக் கீழே வாசகர்கள் இருப்பார்கள். நான் கவுண்டரில் பழைய மட்டை ஒன்றால் விசிறிக்கொண்டிருப்பேன். தபால் கந்தோர், வங்கி, மருந்து கொடுக்கும் இடம் என்று எங்கேயாவது ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து பொதுமக்களுக்குச் சேவை செய்து பேச்சு வாங்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

என் ஊர் உடப்பு. பதினெட்டு வருடமாக இரண்டு பஸ் ஏறி, கற்பிட்டி வீதியில் இருக்கும் ஒரு சின்ன நூலகத்துக்கு வந்து போகிறேன். பிரதேச சபையின் கட்டிடம். ஊழியர்கள் இரண்டே பேர். நூலகர் நான், உதவியாளர் உவைஸ் நானா. நானா என்றால் இங்கே அண்ணன். சபையின் செயலாளர் தொடக்கம் கடற்கரையில் கருவாடு போடும் வாடியில் வேலை செய்யும் பெண்கள் வரை எல்லோருக்கும் நான் 'மிஸ்'. என் சொந்தப் பெயரை வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கும்போது மட்டும்தான் நான் பயன்படுத்துகிறேன்.

கடலிலிருந்து வந்தவர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஆளைக் கண்டவுடன் புத்தகம் சொல்லிவிடுவேன். அவர் கேட்டாரா, கேட்கவில்லையா என்பதெல்லாம் பிறகு. வாசகரை அறிந்து புத்தகம் கொடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். நான் அறிந்துகொண்டது அவர்களுடைய தொழிலை மட்டும்தான். வெங்காயத் தோட்டம் செய்பவருக்கு விவசாய நூல், தையல் தைப்பவருக்குத் தையல் நூல், லொறி ஓட்டுபவருக்கு வீதி ஒழுங்கு விதிகள். லொறிக்காரர் அதற்குப் பிறகு வரவில்லை. அவர் விதிகளைக் கற்றுத் தேறிவிட்டார் என்று நான் பல காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மரைக்கார் நானா மீன்பிடிக்காரர். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகமாட்டார். ஜும்ஆ முடிந்து நூலகத்துக்கு வருவார். முதல் நாளே அவர் கையில் ஒரு தடித்த நாவலைக் கொடுத்தேன். அட்டையில் பெரிய அலை. உள்ளே நானூறு பக்கத்துக்குப் புயலும் தோணியும் வலையும். அடுத்த வெள்ளி அதே புத்தகத்தைச் சொப்பிங் பையில் சுற்றி, பக்குவமாகக் கொண்டுவந்து வைத்தார். வாசித்தீர்களா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மிஸ், கிழமையில ஆறு நாள் கடலத்தான் பாத்துக்கிட்டு ஈக்கிறன். ஏழாம் நாளும் கடலையே தந்தா மனிசன் எங்க போற? தண்ணியே இல்லாத ஊர்க் கதையா ஒண்டு பாருங்க."

வாசிப்பு மாத விழா

ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம். போன வருடம் அதைப் பெரிதாகச் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. செயலாளரைப் பிரதம விருந்தினராக அழைத்தேன். மண்டபத்தைக் கடதாசிப் பூவால் சோடித்தேன். விழாவுக்கு முதல் இரண்டு நாளும் புத்தகங்களைத் தூசு தட்டி, முதுகுப் பக்கம் ஒரே நிரையாக வரும்படி அடுக்கினேன். அந்த அடுக்கு குலைந்துவிடக் கூடாது என்ற பயத்தில் எல்லா அலுமாரியையும் பூட்டிவிட்டேன்.

விழா நன்றாக நடந்தது. மக்களிடம் வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்று ஒவ்வொருவராக எழும்பிக் கவலைப்பட்டார்கள். வரவேற்புரையில் நானும் நிறையக் கவலைப்பட்டேன். பத்திரிகை நிருபர் ஒருவர் படம் பிடித்தார். எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, உவைஸ் நானா கதிரைகளை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மிஸ், வந்த ஆக்கள்ள நாலு பேரு புத்தகம் கேட்டாங்க. அலுமாரித் திறப்பு உங்கட கைப்பையில, கைப்பை உங்கட கையில, நீங்க மேடையில."

வெள்ளிக்கிழமை வர்த்தமானி

அரச வேலை வெற்றிடங்கள் அறிவிக்கும் வர்த்தமானி இதழைப் பார்க்க ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பெண் வருவாள். பெயர் நஸ்லியா. மன்னாரில் இருந்து குடும்பத்தோடு இங்கே வந்தபோது அவள் கைக்குழந்தை. இப்போது அவளுக்கே இரண்டு மகள்மார். கணவர் தென்னையிலிருந்து விழுந்து ஒரு வருடமாகப் பாயில். அவள் கருவாட்டு வாடியில் மீன் தரம் பிரிக்கிறாள். கடல் மோசமாக இருந்தால் மீன் இல்லை, மீன் இல்லாத நாளில் வாடியில் கூப்பிடமாட்டார்கள். அரச வேலை ஒன்று கிடைத்தால் வீடு நிமிரும். ஆனால் விண்ணப்பிக்கும் வயதெல்லை அவளுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததில்லை. உவைஸ் நானாவின் மனைவி அவளுக்குப் பக்கத்து வீடு.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? முதல் வெள்ளி, வாழ்க்கையில் முன்னேறுவது பற்றி ஒரு நூலை நீட்டினேன். இரண்டாம் வெள்ளி, பெண்கள் விரும்பி எடுக்கும் குடும்ப நாவல் ஒன்று. மூன்றாம் வெள்ளி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மீன் பதனிடும் முறைகள் பற்றிய கைந்நூல். அவள் குனிந்து பேனையால் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று கைந்நூலின் பொருளடக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, களைப்புத்தான். "மிஸ், பிழையா நினைக்காதீங்க. இதுல எங்க வேலை ஈக்குது எண்டு மட்டும் பாக்க உடுங்க."

ஓட்டை

நூலகத்தில் ஒரு பெரிய அல்பம் இருக்கிறது. பத்திரிகைகளில் எங்கள் பிரதேசத்தைப் பற்றி வரும் செய்திகளை வெட்டி அதில் ஒட்டி வைப்போம். இறால் பண்ணை, கோட்டை, டொல்பின், வெங்காய விலை எல்லாம் அதில் இருக்கும். பத்திரிகை வந்து ஒரு மாதம் மேசையில் கிடந்து, எல்லோரும் வாசித்த பிறகுதான் கத்தரிக்கோல் வைக்க வேண்டும். இது கண்டிப்பான விதி. நானே கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

விழா முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எங்கள் விழாப் படம் வந்தது. ஞாயிறும் திங்களும் எங்களுக்கு விடுமுறை. செவ்வாய் காலை கதவு திறக்கும் முன்பே நான் படத்தைக் கண்டுவிட்டேன். இடமிருந்து மூன்றாவதாக நான். செயலாளரின் மாலை என் தாடையை மறைத்திருந்தது. என்றாலும் கண்ணும் மூக்கும் நெற்றிப் பொட்டும் என்னுடையவைதான். ஒரு மாதம் பொறுக்க எனக்கு மனம் வரவில்லை. யன்னல் கண்ணாடி துடைக்கவென்று யாராவது அந்தப் பத்திரிகையைக் கிழித்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு வெட்டினேன். பசைப் போத்தல் காய்ந்து கிடந்தது. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்து, அல்பத்தில் ஒட்டி, மேலே அகராதியை ஏற்றி வைத்தேன்.

பத்து மணிக்கு நஸ்லியா வந்தாள். வெள்ளிக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை. வாடியில் இருந்து நேராக ஓடி வந்திருக்கிறாள், கையில் மீன் செதில்கூடப் போகவில்லை. ஞாயிறு பத்திரிகையில் ஒரு வைத்தியசாலைக்குச் சிற்றூழியர் வேண்டும் என்று விளம்பரம் வந்திருப்பதாக மதுரங்குளியில் இருக்கும் மச்சி, பஸ்ஸில் யாரோ விரித்து வைத்திருந்ததை எட்டிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னாளாம். அதில் இருக்கும் மாதிரிப் படிவத்தைப் பார்த்து, அதேபோல வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை மூன்று மணிக்கு முன் குருணாகல் கந்தோரில் சேர வேண்டும். உவைஸ் நானா பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஓர் இடத்தில் நின்று தாளைத் தூக்கிப் பிடித்தாள். நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை. அதற்குள்ளால் கவுண்டரில் இருந்த என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் குரலை உயர்த்தவில்லை. "மிஸ், இதுல இருந்த வேலை எங்க?"

கோதுமை மாப் பசை

என் படத்துக்குப் பின்பக்கம் அந்த விண்ணப்பப் படிவம் இருந்திருக்கிறது. இப்போது அது அல்பத்தோடு முகம் குப்புற ஒட்டிக் கிடந்தது. பதினெட்டு வருடத்தில் அவ்வளவு வெட்கம் எனக்கு வந்ததில்லை. சந்திக் கடைக்கு ஓடினேன். விற்காமல் மிஞ்சிய ஞாயிறு பத்திரிகை ஏற்கனவே வடை சுற்றிப் போயிருந்தது. பக்கத்து ஊர் நூலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்கள் அந்தப் பத்திரிகையே எடுப்பதில்லை. கணினியில் தேடினோம். அந்தக் கந்தோரின் இணையப் பக்கம் திறப்பதாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

உவைஸ் நானா தேநீர்க் கேத்திலை அடுப்பில் வைத்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு விளங்கியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்போதும் என் வாய், பத்திரிகைக் காரியாலயத்துக்கு ஒருமுறை எடுத்துக் கேட்டுப் பார்ப்போமா என்றுதான் சொன்னது. அல்பத்தில் என் படம் இருக்க வேண்டும் என்ற ஆசை அந்த நேரத்திலும் சாகவில்லை. நஸ்லியா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு அல்பத்தை நானே தூக்கிக்கொண்டு போய் ஆவியில் பிடித்தேன்.

நல்ல பசை வாங்கி வைக்காத என் சோம்பல் அன்றைக்கு உதவியது. மாப் பசை இளகிக் கொடுத்தது. வெட்டிய துண்டை மெல்ல மெல்லக் கழற்றி, கவுண்டர் மேசைக் கண்ணாடியில் படிவம் மேலே தெரிய விரித்தோம். நனைந்த பஞ்சால் எழுத்துக்கு மேல் இருந்த பசையைத் துடைத்தேன். விளம்பரத்தின் மற்றப் பாதி, விலாசத்தோடு, ஓட்டை விழுந்த பக்கத்தின் ஓரத்தில் தப்பியிருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து நான் வாசிக்க வாசிக்க, அவள் கோடு போட்டுப் படிவத்தை வரைந்தாள். ஒரு வரியை நான் இரண்டு தரம் வாசித்தால்கூடப் பொறுமையாக நிறுத்தி, சரிதானா என்று கேட்டு எழுதினாள். முடிய இரண்டு மணித்தியாலம் ஆனது. அன்று கவுண்டருக்கு வந்தவர்களை உவைஸ் நானா வாசலிலேயே இருத்தி வைத்தார்.

அவள் போன பிறகு கண்ணாடியில் இருந்து துண்டை எடுக்கப் பார்த்தோம். காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. இழுக்க இழுக்க மூன்றாகக் கிழிந்து வந்தது. உவைஸ் நானா குனிந்து கண்ணாடியை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செயலாளர் சேர்ட மாலை நல்லா பதிஞ்சி ஈக்குது மிஸ். உங்களத்தான் காணல்ல."

கடிதம்

புதன்கிழமை முதல் பஸ்ஸில் அவளே குருணாகலுக்குப் போய்ப் படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு எழுத்துப் பரீட்சை. அதற்குப் பிறகு நேர்முகம். நடுவில் பல வாரம் ஒரு சத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் வழக்கம்போல வந்து வர்த்தமானியை விரித்துக்கொண்டு இருப்பாள். அந்த இரண்டு மாதமும் முடிந்துவிட்டது, அதில் இனி அவளுடைய வயதுக்கு ஒன்றும் வராது. அது தெரிந்துகொண்டேதான் வந்தாள். நான் கவுண்டரை விட்டு எழும்பவில்லை. என் கத்தரிக்கோலை உவைஸ் நானா தன் மேசை லாச்சியில் பூட்டி வைத்திருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் நீளமான காக்கி உறை ஒன்றோடு வந்தாள். மூத்த மகளையும் கூட்டி வந்திருந்தாள். உறையைக் கவுண்டரில் வைத்து, பிரித்துக் காட்டினாள். மேலே அரச இலச்சினை, கீழே அவளுடைய முழுப் பெயர். நியமனக் கடிதம். எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. உவைஸ் நானா, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுத் தேநீர் வைக்கப் போனார். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு என்னவெல்லாமோ உளறினேன். வழக்கமான வியாதியும் தலை தூக்கியது. தாதிமார் பற்றி ஒரு நல்ல நூல் இருக்கிறது என்று நான் எழும்பப் போனேன். அவள் என் கையை விடவில்லை. "இருங்க மிஸ். இவ்வளவு நாளும் எழுத்தக் கண்டா அதுக்குள்ள வேலைதான் தேடினன். ஒரு கதை வாசிக்க மனசு இருக்கல்ல. இனிச் சும்மா வாசிக்கணும். நீங்க ஒண்டும் சொல்லாதீங்க, நானே பாத்து எடுக்கிறன்."

பதினெட்டு வருடமாக ஊருக்கே புத்தகம் சொல்லித் திரிந்த நான், அன்று அவள் ஒரு மணித்தியாலம் தேடி எடுத்துப்போன அந்தப் புத்தகத்தை இன்னும் வாசிக்கவில்லை என்பதைத் தயவுசெய்து எங்கள் செயலாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.