லாடாங் சோலார்

எங்கள் லயத்துக்கு மலாய்க் கடிதம் எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். மலேசியாவில் ஈஜோக் பக்கத்தில் ஒரு பழைய செம்பனைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மிஞ்சியிருப்பது பதினோரு வீடுகள். நான் டவுனில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்த திமிர் கொஞ்சம் உண்டு. "கிராணியம்மா வந்துட்டாங்க" என்று கேலி செய்வார்கள். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

போன வருஷம் ஒரு நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கோயில் கொட்டகையில் கூட்டம். நாடு நிலக்கரியைக் குறைத்து வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கப்போகிறது, அந்தத் திட்டத்தில் இந்த இடமும் இருக்கிறது என்றார். இந்த லாடாங் இனி லாடாங் சோலார் ஆகும் என்று மலாயில் முடித்தார். லாடாங் என்றால் எங்களுக்குத் தோட்டம், அவ்வளவுதான். நான் எழுந்து மொழிபெயர்த்தேன்.

"நம்ம தோட்டத்துக்கு சோலார் போடப் போறாங்க. கூரை மேல பலகை வரும். இனிமே கரண்ட் போவாது."

கூரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்தேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். அதிகாரி வீட்டுக்கு ஒரு சம்மதப் பாரம் நீட்டினார். முதலில் கையெழுத்துப் போட்டது பக்கத்து வீட்டு அக்கா. அவர் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூச்சு விட மெஷின் வேண்டும். எங்கள் லயத்தில் கரண்ட் அடிக்கடி போகும். போனால் மெஷின் நின்றுவிடும். அக்கா அட்டையால் விசிறிக்கொண்டே அழுவார். பாரத்தில் இரண்டு பக்கம். முதல் பக்கத்தை நான் உரக்கப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வரிசை நீண்டதால் அதைப் படிக்க யாரும் நிற்கவில்லை, நானும்தான்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் நிலம் அளக்க வந்தார்கள். சிவப்பு நாடா கட்டிய குச்சி ஒன்றை என் அடுப்படிச் சுவரோரம் அடித்தார்கள். அளந்தவன் நம் தமிழ்ப் பையன்தான்.

"தம்பி, இங்க வீடு இருக்கே?"

"அக்கா, லாடாங் சோலார்னா சோலார் பண்ணை லா. பனை நடுற மாதிரி தரை முழுக்கப் பலகைதான். வீடெல்லாம் இருக்காது." போனில் வரைபடத்தைக் காட்டினான். எங்கள் லயம் இருந்த இடத்தில் நீல நீலக் கட்டங்கள்.

வீட்டுக்குள் ஓடி, அலமாரியில் எல்லாருக்காகவும் வைத்திருந்த நகல்களை எடுத்து, அக்காவுடையதன் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். கொசோங் என்ற சொல் கண்ணில் பட்டது. தினமும் கடையில் தே ஓ கொசோங் கேட்கிறேன். சீனி இல்லாத தேநீர். இங்கே கொசோங் ஆக வேண்டியது வீடு. காலி செய்யச் சம்மதிக்கிறேன் என்று எழுதியிருந்தது. கீழே சாட்சி என்ற கட்டத்தில் என் கையெழுத்து, அன்று அதிகாரி காட்டிய இடத்தில் போட்டது. என் வீடு தவிர மற்ற பத்துப் பாரத்திலும் நான்தான் சாட்சி.

ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கமில்லாமல். வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்ல காரியம்தான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வரைபடத்தை வரைந்தவருக்கு நாங்கள் இருப்பது தெரியாது. எனக்குத் தெரியும். நான்தானே சாட்சி.

அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அவரு காதுல வுழாம பேசு" என்றார். பிறகு முந்தானைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "காலையில கதவுல ஒட்டிட்டுப் போனாங்க. பலகை எப்ப வருதுன்னு போட்டிருப்பாங்கன்னு வச்சிருந்தேன். நீயே படி."

வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாங்கினேன். இந்த முறை கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கடைசி வரியில் வீட்டைக் காலி செய்ய வேண்டிய தேதி இருந்தது.