கத்தரி மிச்சம் பிடித்த இடம்

எங்கள் நிலையத்தில் அவனுக்குக் கத்தரி என்று பெயர் வைத்தவள் நான்தான். வெட்டுவதற்கென்றே பிறந்த ஜென்மம் அது. காலையில் உள்ளே வந்தால் மற்றவர்கள் நலம் விசாரிப்பார்கள். இவன் "க்கா" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். டீ வேண்டுமா என்று கேட்டால் கண்ணை மூடித் திறப்பான், அவ்வளவுதான். பக்கத்து மேஜைக்காரியாக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடலில் இருக்கும் கப்பல்களோடு செயற்கைக்கோள் வழியாகத் தொடர்பு வைத்துக்கொள்வது எங்கள் வேலை. மொட்டை மாடியில் பெரிய டிஷ். கீழே, ஏசி உறுமுகிற ஓர் அறை. வானத்துப் பாதையோ மகா குறுகல். அதில் எதை அனுப்பினாலும் சின்னச் சின்னப் பாக்கெட்டாகத்தான் போகும். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் யார் அனுப்பியது, யாருக்கு, எத்தனையாவது என்று ஒரு ஹெடர் ஏறி உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பது "சாப்பிட்டேன்" என்ற ஒரு சொல். தலையில் அதைப்போல இரண்டு மடங்கு பாரம். ஓர் ஊசியைக் கொண்டுபோக ஒரு பீரோவைத் தூக்குகிற கூத்து.

இதைப் பார்த்தால் கத்தரிக்கு வயிறு எரியும். "அதே கப்பல், அதே ஆபீஸ். ஒரு தடவை சொன்னா ரெண்டு பக்கமும் ஞாபகம் வெச்சுக்கலாமே. அப்புறம் மாறினதை மட்டும் அனுப்பினா போதும்" என்றான். பல இடங்களில் செய்வதுதான். இவன் செய்ததும் நன்றாகவே ஓடியது. கப்பல்காரர்கள் மிச்சமான இடத்தில் வீட்டோடு பேசத் தொடங்கினார்கள். எங்கள் மேலதிகாரி இவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை.

இரண்டு பக்கத்து ஞாபகமும் ஒன்றாக இருக்க, இடையிடையே முழு ஹெடர் ஒன்றை அனுப்பியாக வேண்டும். இவன் அந்த இடைவெளியை நீட்டிக்கொண்டே போனான். வந்து சேராததை மறுபடி அனுப்பச் சொல்லும் ஏற்பாட்டையும் எடுத்துவிட்டான்.

"டேய், மழையில ஒரு பாக்கெட் தொலைஞ்சா, பின்னாடி வர்றது எதுவும் யாரோடதுன்னு தெரியாமப் போயிடும். எல்லாம் குப்பைக்குத்தான் போகும்" என்றேன்.

"மழை எப்பவாவதுதானேக்கா" என்றான்.

இவன் மனைவி அந்தக் கப்பல்களில் ஒன்றில் எலக்ட்ரீஷியன். வாய் நிறையப் பேசுகிற பெண். இவனை எப்படிக் கட்டிக்கொண்டாள் என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். அவளிடமும் கத்தரி தன் வேலையைக் காட்டினான். தினமும் நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா என்பதெல்லாம் வீண். ஏதாவது மாறினால் மட்டும் சொல்லுவோம், மாறவில்லை என்றால் ஒரு புள்ளி போதும் என்று ஒப்பந்தம். விளையாட்டு என்று நினைத்து அவளும் சம்மதித்திருக்கிறாள். இவன் விளையாடவில்லை. தினமும் ஒரு புள்ளி வைத்துவிட்டு, கடமை முடிந்த நிம்மதியோடு டீ குடித்தான்.

ஒரு நாள் கப்பல் கேப்டனிடமிருந்து செய்தி வந்தது: "எங்க எலக்ட்ரீஷியன் இன்னும் ஒரு வருஷம் கப்பல்லயே இருக்கக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். வாழ்த்துகள்."

அந்த மாதக் கடைசியில் அவள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. கத்தரி முகத்தில் ஈயாடவில்லை. "ஏன் என்கிட்ட கேக்கல?" என்று அடித்தான்.

பதில் உடனே வந்தது. "போன வாரம் கேட்டேன். வரட்டுமா, இருக்கட்டுமான்னு. நீ புள்ளி வெச்சே."

போன வாரம் இங்கே கொட்டோ கொட்டென்று கொட்டிய மழை. நான் அவனைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குள் அடுத்தது வந்தது.

"நீ மிச்சம் பிடிச்ச இடத்துல இங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டோட கொஞ்சிக்கிட்டு இருக்காங்க. எனக்கு மட்டும் புள்ளி."

கத்தரி "வா" என்று ஓர் எழுத்தை அடித்தான். எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டைப் பிடுங்கியே விட்டேன்.

"இப்பக்கூடவா கத்தரிப்பே?"

"அவளுக்குத் தெரியும்க்கா."

"தெரியும் தெரியும்னு விட்டுத்தான்டா இங்க வந்து நிக்கறே. இந்தா, முழுசா எழுது. ஒண்ணை விடாம எழுது."

எழுதினான். ஆரம்பத்தில் ஒவ்வொரு சொல்லையும் பல்லைப் பிடுங்குவது போலத்தான் எடுத்தான். பிறகு மடை திறந்துகொண்டது. உன் செய்தி என் கைக்கு வரவே இல்லை, தப்பு என்மேல்தான் என்று எழுதினான். "குழாய் ஒழுகுது. நேத்தும் ஒழுகினதால சொல்லல. ராத்திரி சோறு இறங்கறதில்ல. அதுவும் தினமும் அப்படித்தான்னு சொல்லல. உன்னையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். அது ஒரு நாளும் மாறல, அதனால ஒரு நாளும் சொல்லல."

நான் மூக்கைச் சிந்தினேன். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவன் செய்தி பாதையை அடைத்துக்கொண்டு போனதில் கப்பலுக்குப் போக வேண்டிய வானிலைப் படம் பாதியில் நின்றது. என்ன ஆயிற்று என்று கேப்டன் கேட்டார். லைனில் சின்னக் கோளாறு, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கூசாமல் அனுப்பிவைத்தேன். கத்தரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்ட பிறகு எதைப் பேசி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே உள்ளுக்குள் உதறல்.

கடைசியில் பதில் வந்தது.

"கையெழுத்து இன்னும் போடல. போட்டுட்டேன்னு கேப்டனைச் சொல்லச் சொன்னதே நான்தான். சரி, நீ மேல சொல்லு."