இன்சுலின் பம்பும் நான் சொன்ன பொய்யும்

சபையார் எல்லோருக்கும் பிள்ளைக் காம்பரா ஜெசிந்தாவின் அன்பு. எங்கள் சபையில் நான் இதற்கு முன்பும் ஒரு சாட்சி சொல்லியிருக்கிறேன். கர்த்தர் என் சீனி நோயை எடுத்துவிட்டார், இனி எனக்கு ஊசியே தேவையில்லை என்று சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சி உண்மையில்லை. அதனால்தான் உண்மையான சாட்சியை இப்போது எழுதுகிறேன். எழுதச் சொன்னவர் பாஸ்டர். எழுதாமல் தப்பிக்கப் பார்த்தவள் நான்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்து நான்கு வயது. றொசல்ல ஸ்டேசனிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை, அதனால் தோட்டத்தில் என்னை டீச்சர் என்பார்கள். கணவர் சேகர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் கோயிலுக்குப் போகிறவர், நான் சபைக்குப் போகிறவள். இதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. சண்டைக்கு வேறு காரணங்கள் தாராளமாக இருக்கின்றன.

எனக்குப் பதினைந்து வயதில் சீனி நோய் வந்தது. குளிசை விழுங்கினால் அடங்குகிற வகை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. காலையில் ஓர் ஊசி, மாலையில் ஓர் ஊசி. போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், பிந்தினால் மயக்கம் வரும். போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லோரும் பசியோடு முழங்காலில் நிற்க, நான் மட்டும் எழுந்து வெளியே போய் பிஸ்கட் தின்றுவிட்டு வருவேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. எனக்குத்தான் அது பெரிய அவமானமாக இருந்தது.

ஒரு ஜனவரி மாதம் ஹட்டனில் மூன்று நாள் ஜெபக் கூட்டம் நடந்தது. கடைசி நாளில் நானும் மற்றவர்களைப் போல உபவாசம் இருக்க ஆசைப்பட்டேன். காலையில் ஊசியைப் பாதி அளவு போட்டுக்கொண்டு, மாலைவரை பச்சைத் தண்ணீர்கூட குடிக்கவில்லை. மேடையில் இருந்தவர், "இங்க ஒரு சகோதரிக்கு சீனி நோய் சுகமாகுது" என்றார். வெளியே வந்து விரலில் குத்திப் பார்த்தேன். நூற்றுக்கும் குறைவாகக் காட்டியது. நான் அழுதேவிட்டேன். அரை ஊசி போட்டு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் சீனி இறங்காமல் என்ன செய்யும்? இது எனக்கு அன்றும் ஓரளவு தெரியும். தெரிந்துகொள்ள விரும்பவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். ஊசி மருந்தைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன். சேகர் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க சாமி நிப்பாட்டச் சொன்னாரா, இல்ல நீயா நிப்பாட்டுனியா?"

திங்கட்கிழமை தாகம் எடுத்தது. குடம் குடமாகக் குடித்தும் நாக்கு வறண்டது. செவ்வாய்க்கிழமை வாந்தி. மூச்சு வாங்கியது. சேகர் வேலையை விட்டு ஓடிவந்து என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சேலைன் ஏற்றி, இன்சுலின் ஏற்றி, மூன்று நாள் கழித்துத்தான் கண்ணைத் திறந்து ஒழுங்காகப் பேசினேன். இன்னும் அரை நாள் பிந்தியிருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்று டொக்டர் சொன்னார்.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பார்க்க வந்த சபையாரிடம், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வாந்திபேதி என்று சொன்னேன். அவர்கள் தோடம்பழம் கொண்டுவந்து, ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். பழத்தைப் பக்கத்துக் கட்டில் அம்மா சாப்பிட்டார்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் ஒளித்து ஒளித்து ஊசி போட்டேன். மருந்துக் குப்பி பால்மா டின்னில் இருக்கும். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கக்கூசில் நின்றுகொண்டு போடுவேன். சபையில் யார் வீட்டிலாவது விருந்து என்றால் ஊசியைத் தள்ளிப்போடுவேன், பிறகு வந்து கணக்கில்லாமல் கூட்டிப் போடுவேன். சீனி ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இதற்கிடையில் என் சாட்சியைக் கேட்டுப் புது ஆட்கள் வேறு சபைக்கு வந்தார்கள். "ஜெசிந்தாக்காவுக்கே சுகமாகிருச்சாம்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நான் சிரித்த முகமாக அவர்களுக்குப் பாய் விரித்துக் கொடுப்பேன்.

போன வருடம் ஜூன் மாதம், மழை நாள். பிள்ளைக் காம்பராவில் ஏழு மாதக் குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஊசி போட்டிருந்தேன், சாப்பிட மறந்திருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே வழுக்கி உட்கார்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் புஷ்பா பாய்ந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அதன் தூக்கம்கூடக் கலையவில்லை. அன்று முழுக்க நான் வேறு எந்தக் குழந்தையையும் தூக்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிங்களவர். தமிழை மெதுவாக, பார்த்துப் பார்த்துப் பேசுவார். நான் சீனி அளவு எழுதிவைக்கும் கொப்பியை வாசித்து மூடினார். பிறகு சொன்னார்.

"ஒரு இன்சுலின் பம்ப் வந்திருக்கு. வெளிநாட்டுல ஒரு குடும்பம் குடுத்தது. உங்களுக்கு அது நல்லது. இடுப்புல போடணும். எப்பவும் போடணும்."

அவர் காட்டினார். சோப்புக் கட்டி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். குழாயின் நுனி வயிற்றில் ஒட்டுகிற பிளாஸ்டருக்குள் போகிறது. இன்சுலின் துளித்துளியாக நாள் முழுக்க இறங்கும். சாப்பிடும்போது எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று பார்த்து, பொத்தானை அமுக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும். குழாய் அடைத்தாலோ மருந்து முடிந்தாலோ சத்தம் போடும்.

"சத்தம் போடுமா டொக்டர்?" என்று கேட்டேன்.

"ஓ, நல்லா கேக்கும்."

அவர் அதை நல்ல விஷயமாகச் சொன்னார். ஊசியை ஒளிக்கலாம். இந்தப் பெட்டியை எப்படி ஒளிப்பது? ஆராதனை நடுவில் அது கத்தினால் நான் என்ன சொல்வேன்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். லிஸ்டில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள், அடுத்த கிளினிக்குக்குள் சொல்ல வேண்டும் என்றார் டொக்டர். ஒரு மாதம்.

வீட்டில் சேகரிடம் சொன்னேன். "குடுக்குறாங்கன்னா வாங்கிக்கயேன். ஒன்னைய தூக்கிக்கிட்டு ஓட எனக்கும் வயசாகுது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த மாதம் முழுவதும் நான் ஜெபித்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கர்த்தரே, அடுத்த கிளினிக்குக்கு முன்னால் இந்த வியாதியை எடுத்துப்போடும் என்று கேட்டேன். சுகமானால் பம்ப் தேவைப்படாது, நானும் யாரிடமும் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. என் பொய்யை உண்மையாக்கித் தரும்படி கர்த்தரைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

கிளினிக்குக்கு ஐந்து நாள் இருந்தது. பகல் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பாக்கியம் அக்கா பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். எங்கள் சபையில் இருப்பவர், கொழுந்து பறிக்கிறவர். அவருக்கும் சீனி நோய், அவரும் ஊசி போடுகிறவர். முகமெல்லாம் சிரிப்பு. இடது காலில் துணி சுற்றியிருந்தது.

"டீச்சர், நானும் நிப்பாட்டிட்டேன். இன்னையோட நாலு நாளு."

"எதயக்கா?"

"ஊசியத்தான். ஒங்களுக்கு எடுத்த சாமி எனக்கு எடுக்க மாட்டாரா? வீட்ல இருந்தா மனசு கேக்காதுன்னு மருந்த தூக்கி வீசிட்டேன்."

"கால்ல என்ன?"

"தேயிலைய கவ்வாத்து வெட்டுன மலையில வெட்டுக் கட்டை குத்திருச்சு. ஒன்னுமில்ல, ஆறிரும்."

துணியை அவிழ்த்துப் பார்த்தேன். சின்ன விரல் கறுத்து வீங்கியிருந்தது. வாடை வந்தது. அவர் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன வயிறு. அன்று காலையில் குத்திய இடத்தில் நீலம் பாய்ந்திருந்தது.

"நா நிப்பாட்டலக்கா. இன்னைக்கிக் காலையிலயும் போட்டேன். மொதல்ல நிப்பாட்டுன ரெண்டு நாளுல சாகப் பார்த்தேன்."

"அப்ப சபையில சொன்னது?"

"பொய்யிக்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப எனக்கு இப்ப மருந்துமில்லயே டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னார்.

பிள்ளைகளைப் புஷ்பாவிடம் விட்டுவிட்டு அதே வேகத்தில் அவரை ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் வார்டில் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் இருந்தார். கால் தப்பியது. சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். அந்த விரலுக்கு நான் பொறுப்பு. இதை யாரும் எனக்காகப் பூசி மெழுக வேண்டாம்.

வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது நான் பழைய ஜெபத்தைச் செய்யவில்லை. கர்த்தரே, பாக்கியம் அக்காவை விட்டுவிடாதேயும், என்னை எப்படி வேண்டுமானாலும் நடத்தும் என்று மட்டும் சொன்னேன். சொன்னதும் மனது லேசானது. எழுந்து போய், கிளினிக் நாளுக்குக் காத்திராமல், டொக்டரைத் தேடிப் பிடித்துப் பம்ப் வேண்டும் என்று சொன்னேன். அது இன்னும் அங்கேயே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சபையில் எழுந்து, சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார். கோபமாகத்தான் இருந்தார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ஒங்க சாட்சிய நா வேற மூணு சபையில சொல்லிருக்கேன் சிஸ்டர். அங்கயும் போயி சொல்லணும். நானும் வாறேன். நானும் விசாரிக்காமத்தான் சொன்னேன்."

போனோம். மூன்று ஞாயிறு, மூன்று சபை. "ஒரு பொய்க்கு எத்தன பஸ்ஸு" என்று சேகர் கேலி செய்தார். மூன்றாவது சபைக்கு அவரும் கூட வந்து, வெளியே பலா மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது பம்ப் போட்டு ஏழு மாதம். பழகக் கொஞ்ச நாள் எடுத்தது. மூன்று நாளைக்கு ஒரு தடவை குழாயை மாற்ற வேண்டும். மழைக்கும் வியர்வைக்கும் பிளாஸ்டர் கழன்றுவிடும். விரலில் குத்திப் பார்ப்பது குறையவில்லை, கூடியிருக்கிறது. குழாய் அடைத்தால் சீனி சீக்கிரம் ஏறிவிடும் என்பதால் பையில் எப்போதும் ஊசியும் மருந்தும் இருக்கும். ஆனால் மேட்டில் ஏறிப் போகிற நேரம் இன்சுலினைக் குறைத்து வைத்துக்கொள்ள முடிகிறது. சாப்பாடு பிந்தினால் பயமில்லை. பம்ப் போட்ட பிறகு குழந்தைகள் முன்னால் ஒரு தடவையும் நான் விழவில்லை. உபவாசம் இருக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை.

பாக்கியம் அக்கா வீட்டுக்கு வந்த பிறகு நான் பயந்துகொண்டேதான் பார்க்கப் போனேன். அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் நிறுத்தினார்.

"அந்தப் பொட்டிய காட்டுங்க."

காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டார். சொல்லலாம் என்றேன். என் இடுப்பில் கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"கர்த்தாவே, இந்தப் பொட்டிக்கு ஸ்தோத்திரம். இந்த டியூபுக்கு ஸ்தோத்திரம். பேட்டரிய காத்துக்கொள்ளும். இந்தப் புள்ளைய காத்துக்கொள்ளும். இவ வாய காத்துக்கொள்ளும்."

கடைசி வரிக்கு நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவரும் அழுதார். வார்டுக்கு வெளியே நான் செய்த ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார் என்பது எனக்கு அந்தக் கட்டில் பக்கத்தில்தான் தெரிந்தது.

எனக்கு இன்னும் சீனி நோய் இருக்கிறது. கர்த்தர் எனக்குப் பதில் கொடுத்தார். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

இதை வாசிக்கிறவர்களில் மருந்தை நிறுத்திவிட்டு ஒருவருக்கும் சொல்லாமல் இருப்பவர் யாராவது இருந்தால், அல்லது சுகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஒளித்து மருந்து எடுப்பவர் இருந்தால், நான் உங்களை ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். முதலில் மருந்தை எடுங்கள். பிறகு என்னிடம் வாருங்கள், சேர்ந்து ஜெபிப்போம். திங்கட்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் நானும் பாக்கியம் அக்காவும் கிளினிக்குக்குப் போகிறோம். மூன்று பேர் உட்காரும் சீட். அக்கா ஜன்னல் பக்கத்தை விட்டுத்தர மாட்டார். நடுவில் உங்களுக்கு இடம் வைத்திருக்கிறோம்.