ஸப்ராவின் பாற்பல்

பல் மிஸியைக் கண்டு சிரித்துக்கொண்டு வருகிற பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. பல்வலியில் தூக்கம் கெட்டவர்கள் நீங்கள் என்றால், பிள்ளைகளின் பல் பார்க்கும் தாதியாகிய நான் அதை விளக்கத் தேவையில்லை. சுனாமி எங்கள் கிளினிக்கைக் கொண்டுபோன பிறகு, கல்முனையில் ஒரு தகரக் கொட்டிலில் பல் பார்க்கும் கதிரையைப் போட்டு வேலை செய்தோம். ஸப்ரா அங்கேதான் வந்தாள்.

வெள்ளைப் படை

ஐந்து வயதுப் பிள்ளை. சோறு தின்கிறாள் இல்லை என்று சாச்சி, அதாவது தாயின் தங்கை, கூட்டி வந்திருந்தார். வாயைத் திறந்தால் நாக்கு, அண்ணம் எல்லாம் தயிர் அப்பினமாதிரி வெள்ளை. துடைத்தால் அடியில் இரத்தம் கசிந்தது. பால்குடிப் பிள்ளைகளில் காண்கிறதை இந்த வயதில் இவ்வளவு கண்டதால், வேறு வருத்தம், நோய் ஏதும் உண்டா என்று கேட்டேன்.

மற்றவர்கள் வெளியே போகும்வரை சாச்சி வாய் திறக்கவில்லை. பிறகு, எச்.ஐ.வி. என்றார். தாயிடமிருந்து வந்ததாம், கொழும்பில் இப்போதுதான் மருந்து தொடங்கியிருக்கிறார்களாம். தாய் எங்கே என்றேன்.

"அவ மௌத்து மிஸி, செத்ததும் இந்த வருத்தத்திலதான். ஊருக்கு, சுனாமியில கடலோட போயிட்டா எண்டுதான் சொல்லியிருக்கம். கடலோட போனவங்கள ஏன் எண்டு ஆரும் கேக்கிற இல்ல."

ஒரு கரண்டி சீனி

வாய்ப்புண் ஆறியது. ஆனால் அடுத்த வருடம் கடைவாய்ப் பற்கள் கறுத்துப் பொடியத் தொடங்கின. இந்த வருத்தத்தில் எச்சில் வற்றும்; பல்லில் சூத்தை, அதாவது சொத்தை, சுறுக்காப் பிடிக்கும். அதுமட்டுமில்லை, காலையும் இரவும் குடிக்கிற மருந்து கடும் கசப்பு. ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு கரண்டி சீனி கொடுத்திருக்கிறார் சாச்சி. இரவில் பிள்ளை அந்தச் சீனி வாயோடேயே தூங்கிவிடும்.

சீனியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீனி கொடுத்த கையோடு பல் தீட்டிக் கொப்பளிக்க வையுங்கள் என்றேன். சாச்சி தலையாட்டிவிட்டுச் சொன்னார்:

"பல்லு போனாலும் புள்ள இருக்கும் மிஸி. மருந்து உள்ள போகாட்டி?"

கூரை

பிறகு ஒரு பல் சீழ் கட்டிக் கன்னம் வீங்கிவிட்டது. கிருமி போகக் கருவிகளை அவிக்கும் எங்கள் மெசின் பழுது. பெரிய ஆசுபத்திரி ஒன்றுக்கு அனுப்பினேன். வருத்தத்தைச் சொன்னதும் மத்தியானம்வரை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, கொழும்புக்கே கொண்டுபோங்கள் என்று திருப்பிவிட்டார்கள். சண்டை நேரம், எத்தனை செக்பொயின்ற் தாண்டிக் கொழும்புக்குப் போவது? மெசினைத் திருத்துவித்து நானே பல்லைப் பிடுங்கினேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற அதே கையுறை, அதே குறடு.

ஸப்ரா அழவில்லை. பல்லைக் கேட்டாள். சாச்சி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஒன்றும் ஆகாது என்று சொல்லி, கழுவிப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தேன். விழுந்த பல்லைக் கூரையில் எறிந்தால் நல்ல பல் முளைக்கும் என்பார்கள் எங்கள் பக்கம். அவள் மெதுவாகக் கேட்டாள்:

"மத்தப் புள்ளைகள் மாதிரி நானும் கூரையில எறியலாமா, மிஸி?"

வெடி

நாட்டுச் சண்டை முடிந்த வாரம் பசாரில் வெடி கொளுத்திக் கொண்டாடினார்கள். அந்தச் சத்தத்துக்குள் சாச்சி ஸப்ராவோடு வந்தார். மருந்துப் போத்தலை அயலில் யாரோ கண்டு கதை பரவியதாம். பெற்றோர் பலர் போய் நின்றதில், பிள்ளையை இனி அனுப்ப வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். ஒட்டாது, பக்கத்தில் இருந்தால் வராது என்று நான் போய்ச் சொல்லியும் எடுபடவில்லை. ஸப்ராவின் வாயைப் பார்த்தேன். புண் இல்லை, முன்வாயில் புதுப் பல் இரண்டு வெள்ளையாக முளைத்திருந்தது. அதைச் சொன்னேன். சாச்சி சிரிக்கவில்லை.

"ரோட்டெல்லாம் திறந்தாச்சாம் மிஸி. இனிக் கொழும்புக்குப் போறது லேசி. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகேலா."

பிள்ளைகளின் வாயைத் திறக்க வைக்கும் வித்தையெல்லாம் எங்களுக்குப் படிப்பித்தார்கள். ஊர் வாயை மூட வைக்கும் வித்தையை மட்டும் பாடத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.