திருட்டு அலாரப் பேட்டரியும் நானும்

எங்கள் தொழிலில் நல்ல வேலைக்கு அடையாளம், எதுவுமே நடக்காமல் இருப்பதுதான். வீட்டுத் திருட்டு அலாரப் பெட்டிக்குள் அரைச் செங்கல் அளவில் ஒரு பேட்டரி உட்கார்ந்திருக்கும். கரண்ட் இருக்கும்வரை சார்ஜ் ஏற்றிக்கொண்டு சும்மா கிடக்கும். கரண்ட் போனால் வீட்டுக்கு அதுதான் காவல். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைச் சோதிப்பதும், செத்துப்போனால் மாற்றுவதும் என் வேலை. மதுரையைச் சுற்றிச் சிவப்பு ஸ்கூட்டியில் பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். கதவைத் திறப்பவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் வரலையா?" என்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கும் சொந்தங்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன? அலாரம் வாங்கி வைத்திருக்கும் மகராசர்களும் படிக்கலாம், தப்பில்லை.

பூட்டாத வீடு

திருநகரில் வசந்தா டீச்சர் தனியாக இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் கோயம்புத்தூரில். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, பின்கதவு பெயர்ந்து கிடந்திருக்கிறது. பீரோவில் இருந்த அவருடைய தாலிக்கொடியும் போய்விட்டது. அன்றிலிருந்து டீச்சர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயும் போனதில்லை. காய்கறி வாசலுக்கு வரும், மருந்து வாசலுக்கு வரும். தெருமுனைப் பிள்ளையாரை மொட்டை மாடியில் நின்றே கும்பிட்டுக்கொள்வார். அலாரம் வைத்தும் இந்தக் கதைதான்.

போன ஆவணியில் என்னைக் கூப்பிட்டுவிட்டார். மகளுக்குத் தலைப்பிரசவம். இங்கே வரவேண்டிய பெண், பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அங்கேயே இருக்கிறாள். மாமியார் இல்லாத வீடு. அம்மா போய்த்தான் ஆக வேண்டும். டீச்சருக்குப் போக ஆசை, கால்தான் வரவில்லை. "கரண்ட் போனாலும் பேட்டரி ஒன்றரை நாள் தாங்கும் டீச்சர், தைரியமாகப் போங்கள்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அலாரப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "கரண்டும் போயி இதுவும் போச்சுன்னா, இந்த வீட்டுல அப்புறம் எதும்மா முழிச்சிருக்கும்?"

நல்லது சொன்ன பல்லி

தெற்குவாசல் பக்கம் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். கணவனும் மனைவியும் சேர்ந்து சேலைக் கடை நடத்துகிறார்கள். ஆறு மாதச் சோதனைக்குப் போனேன். ஹாலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதே 'கீச்' என்று ஒரு சத்தம். உடனே அந்த அம்மா, "பாத்தீங்களா, பல்லி சொல்லுது" என்று தரையைத் தட்டிக்கொண்டார். நிமிடத்துக்கு ஒரு தரம் தவறாமல் சொல்லும் பல்லியை நான் கண்டதில்லை. ஏணியைப் போட்டு ஏறினால், அலாரப் பெட்டி. பேட்டரி சாகக் கிடக்கிறது, மாற்று மாற்று என்று அது கத்திக்கொண்டிருக்கிறது.

மாற்றினேன், சத்தம் நின்றது. கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு பேரும் தங்கள் மொழியில் வேகமாக என்னவோ பேசிக்கொண்டார்கள். பேச்சு கொஞ்சம் சூடாகவே இருந்தது. பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பித் தமிழில் நியாயம் கேட்டார்: "மூணு வாரமா நான் எது பேசினாலும் பல்லி ஆமா சொல்லுச்சு, இவரும் வாயைத் தொறக்காமக் கேட்டுக்கிட்டாரு. அதைப் போயி ரிப்பேர் பண்ணிட்டீங்களேக்கா!"

உசிலம்பட்டிப் புழு

உசிலம்பட்டிக்கு வெளியே தோட்டத்தோடு சேர்ந்த ஒரு புது வீடு. மகன் வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்பாவுக்கு அலாரம் வைத்துக் கொடுத்திருக்கிறான். கரண்ட் போனால் அலாரமும் படுத்துவிடுகிறது என்று அவனே அங்கிருந்து எனக்குப் புகார் சொன்னான். போய்ப் பெட்டியைத் திறந்தால் ஒயர் இரண்டும் அந்தரத்தில் தொங்குகிறது. பேட்டரி இருந்த இடத்தில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது.

பெரியவர் மல்லிகைத் தோட்டத்துக்குள்ளிருந்து முதுகில் மருந்தடிக்கும் டேங்கோடு வந்தார். பேட்டரியில் ஓடும் டேங்க். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த டேங்குக்கும் அலாரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே பேட்டரிதான்; டேங்கின் பேட்டரி போனதும் மனுஷன் அலாரத்திலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டார். "ஐயா, மகன் அம்புட்டுத் தூரத்துல இருந்து கவலைப்படுறாரு. திருடன் வந்தா என்ன செய்வீங்க?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். டேங்கை இறக்கக்கூட இல்லை அவர். "திருடன் என்னைக்கோ ஒரு நாள் வருவான் தாயி, மொட்டுப் புழு தெனமும் வருதுல்ல!"

பேட்டரிக்குப் பரீட்சை

டீச்சர் விடவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகத் திருநகரில் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்டை நிறுத்துவார்கள் அல்லவா, அந்த நாளில் என்னை வரச் சொல்லிவிட்டார். வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. மணிக்கு ஒரு தரம் நான் மீட்டரை வைத்து அளவைச் சொல்ல, அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். நடுவில் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் போட்டார். வேர்த்துக் கொட்டியது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அந்த நாள் பிடித்திருந்தது. மகள் சின்னப் பிள்ளையில் பண்ணிய சேட்டையெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. பேட்டரி அசரவில்லை. நான் பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன். டீச்சர் நோட்டை ஒரு தரம் மேலிருந்து கீழே படித்துவிட்டுச் சிவப்பு மையில் சுழித்தார்: "எண்பத்தாறு மார்க் போட்டிருக்கேன். மிச்சத்தை நான் ஊருக்குப் போயிட்டு வந்து பாத்துக்கிறேன்."

நான் சுவர் ஏறியது

சொன்னபடியே ஒரு வியாழக்கிழமை காலையில் டீச்சர் கிளம்பினார். இங்கிலீஷில் வரும் மெசேஜைப் பார்த்தால் தனக்குப் படபடப்பு வரும் என்று, அலாரத்திலிருந்து வரும் செய்திக்கு என் நம்பரைத்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார். அன்று ஏழு மணிக்கே 'கரண்ட் இல்லை' என்று வந்தது. எங்கேயாவது ஒயர் அறுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மத்தியானம், 'பேட்டரி குறைவு'. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நம் ஜனங்கள் ஊருக்குப் போகும்போது கேஸை மூடுவார்கள், குழாயை இறுக்குவார்கள், கடைசியாக மெயினை அணைத்துவிட்டுத்தான் கேட்டைப் பூட்டுவார்கள். எந்த நாளுக்காக அலாரம் வாங்கினார்களோ அந்த நாளில் அதற்குக் கரண்ட் இருக்காது. எட்டு மணி நேரம் உட்கார்ந்து பேட்டரிக்குப் பரீட்சை வைத்தவள், மெயினைத் தொடாதீர்கள் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

போன் பண்ணிச் சொன்னால் டீச்சர் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். அங்கே மகளுக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம். அதனால் சொல்வதில்லை என்று முடிவு பண்ணி நேராகத் திருநகர் போனேன். மெயின் சுவிட்ச் போர்ட்டிகோ சுவரில் இருக்கிறது, கேட் பூட்டியிருக்கிறது. ஸ்கூட்டியில் எப்போதும் கட்டி வைத்திருக்கும் மடக்கு ஏணியைக் காம்பவுண்டில் சாய்த்து ஏறிக் குதித்தேன். நாற்பத்தாறு வயதில் செய்கிற காரியமா இது? மெயினைப் போட்டுவிட்டுத் திரும்பினால், எதிர்வீட்டு அம்மாவும் தெருக்காரர்கள் நான்கு பேரும் கேட்டுக்கு வெளியே என் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "அலாரம் சர்வீஸ்ங்க" என்றேன். "சர்வீஸ்காரங்க கேட் வழியாத்தான் வருவாங்க" என்றார் அந்த அம்மா. டீச்சரைக் கூப்பிட வேண்டாம் என்று நான் கெஞ்சக் கெஞ்ச அவருக்குச் சந்தேகம் முற்றியது. ஸ்பீக்கரில் போட்டே கூப்பிட்டுவிட்டார்.

"டீச்சர், ஒரு பொம்பளை உங்க வீட்டுச் சுவரேறிக் குதிச்சிருக்கா. பிடிச்சு வச்சிருக்கோம்."

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் டீச்சர் நிதானமாக, "சிவப்பு ஸ்கூட்டி நிக்குதா?" என்று கேட்டார். நிற்கிறது என்றதும், "அது நம்ம செல்வி, ஏணியை அவகிட்ட குடுங்க" என்றார். அடுத்து என்னிடம், "மெயினைப் போட்டியா?"

"உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?" என்றேன்.

"கேட்டைப் பூட்டுனதுமே ஞாபகம் வந்துருச்சு. திரும்பத் திறந்து உள்ள போனேன்னா வெளிய வரவே மாட்டேன்னு தெரியும். போனாப் போகுதுன்னு ஆட்டோவுல ஏறிட்டேன். பேத்தி பொறந்து ஒரு மணி நேரம் ஆச்சு செல்வி, நல்ல வேளை நான் பக்கத்துல இருந்தேன்."

பூட்டிய கேட்டுக்குள் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது, திருடியைப் பிடிக்க வந்த ஐந்து பேரும் ஏணியைப் பிடித்து என்னைப் பத்திரமாக இறக்கிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் 'ஊருக்குப் போகும்போது மெயினை அணைக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டிவிட்டு வருகிறேன். எல்லோரும் அதைத் தவறாமல் படித்துவிட்டுத்தான் மெயினை அணைத்துவிட்டுப் போகிறார்கள்.